என்ற தொப்புள் போன கதை

தண்ணி குடிங்க தம்பி. பாட்டலைச் சும்மா கையில புடிச்சுட்டு உக்காந்திருந்தா மூத்திரப்பை நெறையாதுங்க. அது நெறைஞ்சு நின்னாத்தான் ஸ்கேன்ல உள்ளெ இருக்கறது தெரியுமாம். இல்லீன்னா அந்த நர்சம்மா இன்னும் குடிச்சுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிப்போடும். எனக்கு அந்தத் தொந்தரவு இல்லீங்க. எனக்கு இருக்கறது முக்காப் பை. ரண்டு டம்ளர் உள்ளெ போனாலே காலைப் பின்னிக்கோணும்.

சிரிங்க, பரவாயில்லை. ஆனா அளவாச் சிரிங்க. இந்த ஹால்ல எச்சாச் சிரிச்சா மானம் போயிரும்.

மொதத் தடவைங்களா? மொகத்தைப் பாத்தாலே தெரியுது. பையில கட்டின்னு சொல்லிட்டாங்களா? செரி. அந்த பைலை எதுக்கு இப்படிக் கட்டிப் புடிச்சுட்டு இருக்கறீங்க, கீழ வைங்க. எனக்கும் பையில கட்டிதான். புத்துநோய். வாய் விட்டுச் சொன்னா ஒண்ணும் ஆயிராதுங்க. அஞ்சு வருசமாச்சு. இன்னிக்கு அஞ்சாம் வருசப் பரிச்சை. இதுல பாசாயிட்டா, இனி வருசத்துக்கு ஒருக்கா வந்து மொகத்தைக் காட்டுனாப் போதும்னு டாக்டர் சொல்லியிருக்கறாரு. அதனால பயமெல்லாம் ஒண்ணுமில்லை. காலைல இருந்து சாப்புடாம இருக்கறது பசி இல்லாததுனால.

சித்த இருங்க. ஒரு ஒதவி பண்ணுங்க தம்பி. அதா, டிவிக்குக் கீழ பச்சைச் சீலையில ஒரு அம்மா ஒயர்கூடையோட உக்காந்திருக்குதே, அவங்ககிட்டப் போயி, ஏசிக்கு நேரா உக்கார வேண்டாம், தோள்பட்டை புடிச்சுக்கும்னு சொல்லிட்டு வாங்க. யாரு சொன்னாங்கன்னு கேட்டா என்ற பேரைச் சொல்ல வேண்டாம்.

சொல்லிட்டீங்களா? என்ன சொன்னாங்க? "எனக்குத் தெரியும்"னாங்களா? சொல்லுவாங்க. அவங்களுக்கு எல்லாந் தெரியும். தள்ளி உக்காந்துட்டாங்கல்ல, அது போதும்.

எனக்கு வேண்டியவங்களான்னு கேக்கறீங்களா? கூடப்பொறந்த அக்காதாங்க. வள்ளியாத்தான்னு பேரு. என்னெ விட ஒம்பது வயசு மூத்தவ. ஆனா எங்களுக்குள்ள பேச்சு இல்லை. நின்னு வருசம் ஒம்பதாச்சு.

அப்பறம் எப்படி ஒண்ணா வந்தீங்கன்னா, ஒண்ணா வரலீங்க. ஒரே பஸ்சுல வந்தோம். அவ முன்னால லேடீஸ் சீட்டு, நான் பின்னால. டிக்கெட்டு ரண்டு பேருத்துக்கும் நாந்தான் எடுத்தேன், அது கண்டக்டர்கிட்டச் சில்லறை இல்லாததுனால. எப்பவும் எங்கூட்டுக்காரி மயிலாத்தாதான் கூட வருவா. நான் அவகிட்டச் சொல்லுவேன், அவ அக்காகிட்டச் சொல்லுவா. அக்கா சொல்றதை இவ வந்து எங்கிட்டச் சொல்லுவா. பேசாமயே எல்லாம் நடந்துட்டு இருந்துச்சு. இப்ப மகளுக்கு ரண்டாம் பிரசவம், மயிலாத்தா திருப்பூர்ல கெடக்கறா. அதனால இன்னிக்கு உங்களெப் புடிச்சேன். தப்பா நெனச்சுக்காதீங்க.

என்ற பேரு அத்தப்பன். வெள்ளகோவிலுப் பக்கம். போர்வெல்லுல இருந்து மோட்டாரை ஏத்தி எறக்கற சோலி. எந்த மோட்டார் எதுக்கு நிக்குதுன்னு மேல நின்னு காதை வெச்சே சொல்லிருவேன். சொன்னது பாதி நேரம் தப்பாப் போகும், அது வேற.

சண்டையா? சண்டை ஒண்ணும் பெருசில்லைங்க. என்ற மகள் கல்யாணப் பத்திரிகையில அக்கா ஊட்டுக்காரரு பேரு, அதாவது என்ற மச்சான் பேரு உட்டுப்போச்சு. அச்சாபீசுக்காரன் பண்ணுன வேலை. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? புரூப் பாக்கச் சொல்லிக் குடுத்தான், பாத்தேன். கண்ணாடி ஊட்ல இருந்துச்சு, நான் அச்சாபீசுல இருந்தேன். கல்யாணச் சோலி ஆயிரம் கெடந்துச்சு, செரியா இருக்குது அடிங்கன்னுட்டு வந்துட்டேன். ஆக மொத்தம் தப்பு அச்சாபீசுக்காரனோடது. இவ என்னடான்னா மண்டபத்துக்கு வந்து, புள்ளை கழுத்துல தாலி ஏறற வரைக்கும் இருந்து பாத்துட்டு, பந்திக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கறா. "பத்திரிகையில பேரு இல்லாதவங்களுக்குப் பந்தியில எலை எதுக்கு?"ன்னா. நானும் கல்யாண ஊட்டுக்காரன் மப்புல, போனாப் போன்னுட்டேன். அப்பத்தான் சொன்னா, "அத்தப்பா, நம்ம தொப்புள்கொடி இன்னியோட அத்துப்போச்சு, தெரிஞ்சுக்க"ன்னு. அத்தனை ஒறம்பரை சொந்தத்துக்கு முன்னால.

அந்த வார்த்தையை அவ திருப்பி எடுக்கோணும். எடுக்கட்டும், நான் பேசறேன். இன்னும் எடுக்கலை.

குடிங்க, குடிங்க.

கட்டிக் கதைக்கு வாறேன். அஞ்சு வருசத்துக்கு முன்னால ஒரு நாள் மூத்திரம் செவப்பாப் போச்சு. பீட்ரூட் தின்னதுனாலன்னு நெனச்சேன். நான் பீட்ரூட் திங்கறதே இல்லைங்க. இருந்தாலும் அன்னிக்கு அப்படித்தான் நெனச்சேன். அப்பறம் வெயில்ல நின்னு மோட்டார் தூக்கறமே, ஒடம்புச் சூடுன்னு முடிவு பண்ணியாச்சு. மயிலாத்தா கால் பெருவெரல்ல சுண்ணாம்பு தடவுனா. தொப்புள்ல வெளக்கெண்ணெய் வெச்சா. நின்னுபோச்சு. "பாத்தியா, எண்ணெயோட வேலையை"ன்னேன். ரண்டு வாரம் கழிச்சு மறுபடி வந்துச்சு. மறுபடி எண்ணெய், மறுபடி நின்னுது. இப்படியே ஆறேழு மாசம். அது தன்னால நின்னு நின்னு வர்ற சாதின்னு அப்பறந்தான் டாக்டர் சொன்னாரு. நல்ல பேரு எண்ணெய்க்குப் போயிருச்சு.

இதுல இன்னொரு கூத்து. பனியன்ல தொப்புளுக்கு நேரா எப்பவும் ஈரம். எண்ணெய் எச்சாயிருச்சு, கொறைச்சு வையிடின்னேன். கொறைச்சு வெச்சா. அப்பவும் ஈரம். எண்ணெயே வெக்காத நாளும் ஈரம். மயிலாத்தா, "ஏனுங்க, இது எண்ணெயாட்டத் தெரியலீங்களே, வாங்க காட்டிட்டு வரலாம்"னா. நான் உடுவனா? "வெளக்கெண்ணெய் அப்படித்தான், உள்ளெ போயிக் கசடை எடுத்துட்டு வெளிய வரும்"னேன். பொம்பளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஆஸ்பத்திரி. மூத்திரத்துலயும் கஞ்சித்தண்ணியாட்டக் கொழகொழன்னு வந்துச்சு. அதையும் கசடுன்னே சொன்னேன்.

அப்பறம் ஒரு நாள் ஓலப்பாளையத்துல ஒரு தோட்டத்துல மோட்டார் எறக்கிட்டு இருக்கறேன், மூத்திரம் அடைச்சுப்போச்சு. ரத்தம் கட்டி அடைச்சிருக்குது. அந்த வலியை நான் சொல்லப் போறதில்லை, நீங்க மூத்திர டியூப்பையே பாக்காத ஆளாட்ட இருக்கறீங்க. தோட்டத்துக்காரரு டெம்போவுல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. டியூப் போட்டு அடைப்பை எடுத்துட்டு, கோயமுத்தூருக்குப் போங்கன்னுட்டாங்க. இங்க வந்து உள்ளெ கேமரா உட்டுப் பாத்து, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, எல்லாம் முடிஞ்சு டாக்டர் என்னெக் கூப்பிட்டு ஒரு படம் போட்டுக் காட்டுனாரு.

தாய் வயித்துல இருக்கறப்ப தொப்புளுக்கும் மூத்திரப்பைக்கும் நடுவுல ஒரு குழாய் ஓடுமாமுங்க. உங்களுக்கும் இருந்துச்சு, எனக்கும் இருந்துச்சு. பொறக்கற காலத்துக்குள்ள அது அடைபட்டுச் சுருங்கிக் கயிறாட்ட ஆயிருமாம். அந்தக் கயித்துல கட்டி கெளம்பி, பையோட மேக்கூரையில எறங்கியிருக்குதுன்னாரு. பையில புத்து வர்ற நூறு பேருல ஒருத்தருக்குக் கூட இது வராதாம். இங்கிலீசுல ஒரு பேரு சொன்னாரு, எனக்கு வாயில நிக்கலை.

நான் சொன்னேன், "டாக்டர், கோளாறு தொப்புள்லதான்னு நான் ஆரம்பத்துலயே கண்டுபுடிச்சு எண்ணெய் வெச்சுட்டு இருக்கறேன்"னு. அவரு என்னெயே பாத்தாரு. அப்பறம் மெதுவாத் தலையை ஆட்டுனாரு. ஒத்துக்கிட்டாருன்னுதானே அர்த்தம்?

அப்பறம் கேட்டேன், பொழைப்பனான்னு. அவரு மறைக்கலை. "அரிதான வகை, அதனால கணக்கும் கம்மி. முழுசா எடுக்க முடிஞ்சா நல்ல வாய்ப்பு இருக்குது. மொத்தமாப் பாத்தா அஞ்சு வருசம் தாண்டறவங்க சுமாராப் பாதிப்பேரு"ன்னாரு. நான் கேட்டேன், "எந்தப் பாதிங்க டாக்டர்?"னு. அவரு சிரிச்சுட்டாரு. நான் சிரிக்கறதுக்காகக் கேக்கலீங்க.

அந்தம்மா ஏன் இங்க பாக்கறா? மாத்திரை போட்டாச்சான்னு கேக்கறாளாட்ட இருக்குது, கையைக் காட்டறா. போட்டாச்சுன்னு தலையை ஆட்டுங்க தம்பி. நான் ஆட்டக்கூடாது. போடலைதான், பொறகு போட்டுக்கறேன். நீங்க ஆட்டுங்க.

எங்க உட்டேன்? ஆ, டாக்டர். அவரு ஒரு கேள்வி கேட்டாரு. "சின்னக் கொழந்தையா இருந்தப்பத் தொப்புள்ல எதாச்சும் கோளாறு இருந்துச்சுங்களா? படத்துலயும் சதைப் பரிசோதனையிலயும் இப்படித்தான் தெரியுது. அந்த விவரமும் கெடைச்சா நல்லது"ன்னாரு. எனக்கு எப்படிங்க தெரியும்? அம்மா போயிச் சேந்துட்டா, அப்பாவும் இல்லை. என்னெத் தூக்கி வளத்துன ஆளுன்னு ஒலகத்துல மிச்சம் இருக்கறது இவ ஒருத்திதான்.

மயிலாத்தாகிட்டப் போனை நீட்டுனேன், நீ கேளுன்னு. எப்பவும் கேக்கறவ அன்னிக்குன்னு பாத்து, "உங்க தொப்புளு, உங்க அக்கா. நீங்களே கேளுங்க"ன்னுட்டா. வராந்தாவுல நின்னு அடிச்சேன். எடுத்தா. நாலு வருசம் கழிச்சுப் பேசறோம், எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. நல்லா இருக்கறயான்னு கேட்டா நான் எறங்கி வந்த மாதர ஆயிரும். அதனால நேரா விசயத்துக்கு வந்துட்டேன். "என்ற தொப்புளு பொறந்தப்ப எப்படி இருந்துச்சு?"ன்னேன்.

அவ கேக்கறா, "ஏன்டா, குடிச்சிருக்கறயா?"

சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க. நானே காலைப் பின்னிட்டு உக்காந்திருக்கறேன்.

விசயத்தைச் சொன்னேன். போனை வெச்சுட்டா. கோவம் போலன்னு நெனச்சேன். அடுத்த நாள் டாக்டர் ரூம் தொறக்கறதுக்கு முன்னால மூலனூர்ல இருந்து வந்து வாசல்ல உக்காந்திருக்கறா. டாக்டர்கிட்ட ஒண்ணு உடாமச் சொன்னா. நான் பொறந்து ரண்டு மூணு மாசம் தொப்புளே காயலையாம். எப்பவும் ஈரமாம், மூத்திர வாசமாம். அம்மா காட்டு வேலைக்குப் போயிருமாம். இவதான் பள்ளிக்கூடம் போகாம என்னெ மடியில போட்டுட்டு, சுடுதண்ணியில துணி நனைச்சுத் தொடைச்சு, வசம்பு சுட்டு வெப்பாளாம். "பையனுக்கு இப்படின்னு வெளிய தெரிஞ்சா நாளைக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க"ன்னு அம்மா வாயை அடைச்சு வெச்சிருந்துச்சாம். இவளும் அதை அம்பது வருசம் யாருகிட்டயும் சொல்லலை. எங்கிட்டக்கூட. அத்தனை கோவத்துலயும், மண்டபத்துல அத்தனை பேருக்கு முன்னால வாயைத் தொறந்தப்பக்கூட, அதை மட்டும் சொல்லலை பாருங்க.

டாக்டர் எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு. அந்தக் குழாய் முழுசா மூடாம இருந்திருக்குதுன்னாரு. பையை முழுசா எடுத்துட்டு வெளிய ஒரு பை மாட்ட வேண்டாம், மேக்கூரையை மட்டும் வெட்டி, அதோட அந்தக் கயிறு, கயித்தோட தொப்புள், எல்லாத்தையும் ஒண்ணா, நடுவுல அறுக்காம எடுக்கோணும், துளி மிச்சம் வெச்சாலும் ஆபத்துன்னாரு. "தொப்புளையுமா?"ன்னு கேட்டது நானில்லை, இவ. "ஆமாம்மா"ன்னாரு. "எடுத்துப்போடுங்க, மிச்சம் வெக்காதீங்க"ன்னு டாக்டருக்கே உத்தரவு போட்டா. அப்பறம் மாடிப்படியில போயி உக்காந்து அழுதாளாம். மயிலாத்தா சொன்னா. "நான் தொடைச்சுக் காய வெச்ச தொப்புளு"ன்னு சொல்லிச் சொல்லி அழுதாளாம். நான் பாக்கலை. பாத்திருந்தா என்னாலயும் தாங்கியிருக்க முடியாதுங்க.

ஆப்பரேசன் நல்லா ஆச்சு. ஓரத்துல கட்டி இல்லாம எடுத்தாச்சுன்னு ரிப்போர்ட்டு. டியூப்போட கொஞ்ச நாள், அது ஒண்ணும் பெரிய கஷ்டமில்லை. டியூப்பைப் புடுங்குன பொறகு இருமுனாப் போயிரும், தும்முனாப் போயிரும். அதெல்லாம் மெதுவா செரியாப் போச்சு. பொறகு பக்கத்துல நெறி கட்டற எடத்துலயும் புத்து துளி இருந்துச்சுன்னு மருந்து ஏத்துனாங்க. முடி பூராம் கொட்டிப்போச்சு. ஊருக்குள்ள போனா, "அத்தப்பண்ணா, பழனிக்கா போயிட்டு வந்தீங்க? பஞ்சாமிர்தம் எங்க?"ன்னு கேக்கறாங்க. எத்தனை பேருகிட்ட விளக்கஞ் சொல்றது? பஸ் ஸ்டாண்டு கடையில பஞ்சாமிர்த டப்பா வாங்கி வெச்சுட்டுக் கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். முருகன் கோவிச்சுக்கலை. அடுத்த வருசம் நெசமாவே போயி மொட்டை போட்டுக் கணக்கை நேர் பண்ணிட்டேன்.

அந்த மருந்து ஏத்தற நாள்ல எது தின்னாலும் வாந்தி. அக்கா வந்து எங்கூட்லயே தங்கிக் கொள்ளு ரசம் வெச்சா, கம்மங்கூழு கரைச்சா. அடுப்படியில இருந்து, "மயிலா, உம்புருசனைக் குடிக்கச் சொல்லு"ம்பா. நான் கட்டல்ல இருந்து, "மயிலா, உப்புப் பத்தலைன்னு சொல்லு"ம்பேன். நடுவுல எட்டடி தூரம் இல்லைங்க. மயிலாத்தா ஒரு நாள் கரண்டியைத் தூக்கிப் போட்டுட்டு, "தொப்புளையே எடுத்தாச்சு, இனி அத்துப்போறதுக்கு என்ன இருக்குது உங்களுக்குள்ள?"ன்னு கேட்டா. அக்கா கரண்டியை எடுத்துக் கழுவி வெச்சா, நான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டேன். மயிலாத்தாளுக்கு இந்த மாதர விசயம் வெளங்காது.

தொப்புள் இல்லாம கஷ்டமா? ஒரே கஷ்டந்தான். வேட்டி. தொப்புளுக்கு மேல கட்டுனாப் பெரிய மனுசன், கீழ கட்டுனாச் சண்டியரு. நான் எங்க கட்டறேன்னு எனக்கே தெரியறதில்லை. நேத்து திருப்பூர் போயிருந்தப்பப் பேத்தி ஸ்கெட்ச் பேனாவுல ஒண்ணு வரைஞ்சு உட்டிருக்கறா, "டாக்டர் தேடுவாரு தாத்தா"ன்னு. நான் அழிக்கலை.

என்னெக் கூப்படறாங்க. இந்தத் துண்டைப் பாத்துக்குங்க தம்பி. இல்லை, துண்டு எதுக்கு, அது எங்கிட்டயே இருக்கட்டும். கை வேர்க்குது, ஏசி பத்தலையாட்ட இருக்குது.

வந்துட்டனுங்க.

ஸ்கேன் முடிஞ்சதும் மொதல்ல ஓடிப் போயி பாத்ரூம் போயிட்டு வந்தேன், அதான் நேரம். ஸ்கேன் எடுக்கற புள்ளை புதுசு. ஜெல்லைத் தடவித் தொடைக்குது, துணியெல்லாம் நீலம். "அய்யா, தொப்புள் கரையுது"ங்குது. நான் சிரிச்ச சிரிப்புல பை தாங்குனது பெரிய காரியம். அப்பறம் டாக்டர் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. போன வாரம் எடுத்த பெரிய ஸ்கேனையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாரு. எத்தனை நேரம் பாத்தாருன்னு தெரியலை, எனக்கு ஒரு கல்யாணம் நடந்து முடிஞ்ச மாதர இருந்துச்சு. அப்பறம் கண்ணாடியைக் கழட்டிட்டு, "அத்தப்பன், நீங்க அந்தப் பாதிங்க"ன்னாரு. நான் அன்னிக்குக் கேட்டதை ஞாபகம் வெச்சிருக்கறாரு பாருங்க.

கண்ணுல தூசி, ஒண்ணுமில்லை.

உங்களுக்கும் நல்லபடியா ஆகும் தம்பி. உங்க கட்டி எந்த வகைன்னு தெரியட்டும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு வழி இருக்குது. நான் எண்ணெய் வெச்சுட்டு உக்காந்திருந்த மாதர உக்காராம நீங்க வந்துட்டீங்கல்ல, அதுவே பாதி செயிச்ச மாதர. எண்ணெயைக் கொறை சொல்லலை. நான் இன்னிக்கும் தழும்பு மேல வெச்சுட்டுத்தான் வந்திருக்கறேன்.

இப்ப ஒரு கடைசி ஒதவி. அந்த அம்மாகிட்டப் போயி, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க, சுத்தமா இருக்குதாம்னு சொல்லிட்டு... அட, உங்களெக் கூப்படறாங்களா? இப்பவேவா? சித்த இருக்கச் சொல்லுங்க, ஒரு வார்த்தைதான். செரி செரி, ஓடுங்க, நெறைஞ்ச பையோட நிக்கப்படாது. தைரியமாப் போயிட்டு வாங்க. நான் இங்கயேதான் இருப்பேன், உங்க பைலை நான் பாத்துக்கறேன்.

போயிட்டாரு.

...

அக்கா.

அக்கா, உன்னெத்தான். ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. இனி வருசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதுமாம்.

அழுவாத, எல்லாரும் பாக்கறாங்க. மாத்திரை போடலை, ஆமா, அந்தத் தம்பி சும்மா தலையை ஆட்டுனாரு. போடறேன், மொதல்ல கூடையைத் தொற, பசிக்குது. அப்பறம்... நம்ம புள்ளைக்கு நாளைக்கோ நாளன்னைக்கோ பொறந்துரும். காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்கோணும். மச்சான் பேரை மொத வரியில போடச் சொல்றேன். புரூப்பை நீயே பாத்துக் குடுத்துரு. எனக்குக் கண்ணு செரியாத் தெரியறதில்லை.